மூலையில் இருந்த ஹொக்கிப் பை

தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்கப் பங்குச் சுவாமி வந்தபோது தன்னாமுனை வீட்டில் ஜெயராஜா, மனைவி றோசம்மா, மகள் டினோஷா மூவரும் இருந்தார்கள். செபம் தொடங்கியதுமே நாற்றம் மூக்கைத் துளைத்தது. கௌரவமான குடும்பம், ஜெயராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

“என்ன புள்ள, எலி கிலி செத்துக் கிடக்கா?”

“இல்லப்பா. மூலையில இருக்கிற அந்த ஹொக்கிப் பைதான். கோலுக்கு நிக்கிறவர் கால்ல கட்டுற பேட். நாத்தம் போக வினாகிரில ஊறப்போட வெச்சிருக்கன்.”

“உன்டயா?”

“வேற ஒராள்ட.”

“வேர்வையக் கழுவத் தெரியாதவனையும் ஒருத்தி பெத்து வளத்திருக்காளே! சுவாமி, அந்தப் பைக்குக் கொஞ்சம் கூடத் தீர்த்தம் தெளியுங்க.”

சுவாமி தெளித்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“மன்னிக்கணும் ஐயா. குருமார் ஹொக்கி அணியில கோலுக்கு நிக்கிறது நான்தான். பேடைக் கழுவித் தரச் சொல்லி, வெளியில சொல்லவேணாமெண்டு பிள்ளையிட்டக் கேட்டதும் நான்தான்.”



சுவாமி தீர்த்தம் தெளித்து ஜெயராஜா வீட்டுப் பேயை ஓட்டினார் என்று, வேலிக்கப்பால் நின்று பார்த்தவர்கள் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். அங்கே பேய் எதுவும் இருக்கவில்லை. நாறியது சுவாமியின் பேட்; அதை மூன்று நாள் வினாகிரியில் ஊறவைத்துத் தன் கையாலேயே கழுவிக் காயவைத்தவர் ஜெயராஜா.