அடுத்த எண்

செபு நகரத்து மழையில் அலுவலக ஜன்னல் வெளிறிக் கிடக்கிறது. மருத்துவமனையின் புதிய இணையதளத்தைச் சோதிக்கும் லிகாயா தன் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே நுழைகிறாள். அவளை நினைவில் வைத்துக்கொள்ளத் தளம் கொடுத்த எண், இணைய முகவரியின் கடைசியில் நிற்கிறது: 70412.

“குயா, இப்ப நீங்க உள்ள போங்க. எண்ணைக் காட்டாதீங்க.”

தளத்தை எழுதியவனும், அவள் ‘குயா’ என்று அண்ணன் முறையில் அழைப்பவனுமான டெல்ஃபின் சிரித்தபடி நுழைந்து, உள்ளங்கையால் தன் திரையை மூடிக்கொள்கிறான். அவள் தன் எண்ணின் கடைசியில் உள்ள 2-ஐ அழித்து 3 தட்டுகிறாள். அவன் பெயரும் ரத்த வகையும் அவள் திரையில் விரிகின்றன.

“அடிப்பாவி! எப்படி?”

“நீங்கதான் வரிசையா டோக்கன் குடுக்கிறீங்களே.”

“ஆஸ்பத்திரி கவுண்டர்ல அப்படித்தானே குடுக்கிறாங்க? வரிசை தப்பினா ஜனங்க சண்டைக்கு வருவாங்க.”

மேஜையில் பன்சித் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்கிறது. அவள் அதே இடத்தில் சும்மா 4 தட்டிப் பார்க்கிறாள். யாரோ ஒரு பெண்ணின் பக்கம் திறக்கிறது.

“நிஜ நோயாளிங்களா? அவங்களுக்குத் திங்கக்கிழமைதானே திறக்கிறதா சொன்னாங்க?” டெல்ஃபின் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருகிறான். திரையில் அந்தப் பெண்ணின் வயது பத்தொன்பது. கர்ப்பம் உறுதி. கீழே, மருத்துவருக்கு எழுதும் பெட்டியில், இந்த நொடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுகின்றன: ‘தயவுசெய்து வீட்டுக்குச் சொல்லாதீர்கள்.’

இப்போது லிகாயாவின் உள்ளங்கை திரையை மூடுகிறது.