ஐயாவின் செருப்பு

காலமான நாவலாசிரியர் ஒருவரின், தளி ஊரில் இருந்த பங்களாவைப் பார்க்க, 1954-இல் ஓசூர் வாத்தியார் சென்னகேசவன் போனார். வாசலில் ஒரு ஜோடிப் புதுச் செருப்பு, ரோஜாத் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தது.

"ஐயாவுதுங்க. யுகாதிக்கு யுகாதி புதுசு வெக்கறோம். பழசு தேஞ்சி போவுதுங்க," என்றார் காவல்காரர் ஆஞ்சப்பன்.

"செத்து ஆறு வருசம் ஆனவர் செருப்பு எப்படிய்யா தேயும்? நீதான் போட்டுக்கிட்டுத் திரியற!"

ஆஞ்சப்பன் உள்ளே நடந்தார். அவருடைய இடதுகால் கட்டைக்கால் என்பதை அப்போதுதான் வாத்தியார் கவனித்தார்.

அலமாரியில் பழைய ஜோடிகள் இருந்தன. எல்லாவற்றிலும் இரண்டு செருப்புமே ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன.

அப்படியும் சந்தேகம் தீராமல், வெளியே வந்ததும் குனிந்து பார்த்தார். புதுச் செருப்பில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. யாரோ கழற்றிவிட்டு உள்ளே போனதுபோல, அது இப்போது வீட்டைப் பார்த்திருந்தது.