ஈரிழைத் துண்டு

“குடத்தைக் கீழ வை, செண்பகம்.”

சடையப்பன் தடியைக் கிணற்றுக்குக் குறுக்கே நீட்டினார்.

“ஒரே ஒரு குடம், நைனா. புள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது. நல்ல தண்ணி காய்ச்சிக் குடுன்னு கும்மிடிப்பூண்டி டாக்டரு சொன்னாரு. எங்க கிணத்துது உப்பு. வாயில வெச்சா துப்பிடுது.”

“பாளையத்துக்குத் தண்ணி கெடையாது. தெரியுமில்ல?”

“தெரியும். காவலுக்கு நீ இருக்கறேன்னுதான் வந்தேன்.”

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாளையம் இந்தப் பஞ்சாயத்திலிருந்து பிரிந்து ஒரு மாதம் ஆகிறது. ரோடு இல்லை, விளக்கு இல்லை என்று மனுப் போட்டுத் தனிப் பஞ்சாயத்து வாங்கிக்கொண்டார்கள். பிரிந்தவர்களுக்கு நல்ல தண்ணீர் இல்லை என்று இங்கே தீர்மானம். பாளையத்தில் பெண் கொடுத்திருந்த சடையப்பனையே தலைவர் சுப்பராயன் காவலுக்குப் போட்டார். சொந்த மகளையே இவர் தடுத்துவிட்டால் வேறு யார் வந்து கேட்பார்கள்?

சுப்பராயன் வேப்பமரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார். “போனவனுக்கும் எல்லாம் உண்டுன்னா, கூட இருக்கறவன் இன்னா இளிச்சவாயனா? நீயே சொல்லும்மா.”

“மனுப் போட்டது ஆம்பளைங்க. எம் புள்ளையுமா கையெழுத்துப் போட்டுது?”



“பேஜார் பண்ணாத. போ,” என்றார் சடையப்பன்.

செண்பகம் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். “நாளைக்கு அது போயிடுச்சுன்னா கண்ணத் தொடைச்சிக்கினு வராத, நைனா.”

அவள் வரப்பில் இறங்கும்வரை யாரும் வாளியை விடவில்லை.

“கல்லு,” என்றாள் வரிசையில் நின்ற முத்தம்மாள், சடையப்பன் காதில் விழும்படியே.

சுப்பராயன் எழுந்து வந்தார். பையிலிருந்து ஒரு புது ஈரிழைத் துண்டை எடுத்துச் சடையப்பன் தோளில் போட்டார். “நீதான்யா ஆளு.”

“தலைவரே, சாயங்காலம் புள்ளைய ஒரு பார்வ பாத்துட்டு வரவா?”

“தாராளமா போ. ஆளு போவலாம். குடம் போவக் கூடாது. செம்புகூட.”

பொழுது சாய்ந்தது. காவல் மாறும் நேரத்தில் சடையப்பன் ஒரு வாளி இறைத்தார். புதுத் துண்டைக் கஞ்சி போகும்வரை அலசினார். மூன்று வாளி ஆயிற்று. நான்காவது வாளியில் முக்கி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

எல்லைக் கல்லருகே காவல் நின்ற வரதன் அவர் கைகளைப் பார்த்தான். காலி.

“குளிச்சியா மாமா?”

“ம்.”

வேகமாக நடந்தார். சட்டை நனைந்து, வேட்டி நனைந்தது.

செண்பகம் கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சொட்டிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு செம்பை எடுத்து வந்து கீழே வைத்தாள்.

சடையப்பன் குந்தி உட்கார்ந்து பிழிந்தார். கால் செம்பு வந்தது.

துண்டை உதறி மடித்து, மறுபடியும் பிழிந்தார்.