அடுத்த மாசமே வேலை

“அண்ணா, வீடியோ கேம் செய்யக் கத்துக்குடுக்கற கோர்ஸ் விளம்பரத்துல, அங்க படிச்சவர்னு உங்க போட்டோவும் நம்பரும் பாத்தேன். ஃபீஸ் ரெண்டு லட்சமாம். ஏமாத்து வேலை இல்லையே?”

“கோர்ஸ் நடத்தறவர் தனியாளா செஞ்ச கேம் உலகம் பூரா வித்துச்சு. அது பொய்யில்லம்மா.”

“அப்புறம் எதுக்குப் பாடம் எடுக்கறார்? அடுத்த கேம் செய்யலாமே?”

கெட்டிக்காரப் பெண். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் தப்பித்துவிடுவாள்.

“அத அவர்கிட்டதான் கேக்கணும்” என்றேன்.

“சரி, படிச்சு முடிச்சதும் உங்களுக்கு வேலை கெடச்சுதா?”

“அடுத்த மாசமே.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அடுத்ததையும் கேட்டுவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“வயித்துல பால வாத்தீங்கண்ணா! நாளைக்கே பேங்க் வேலைய விட்டுட்டு சேந்துடறேன்.”

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அந்த அறையில் எட்டு மேஜைகள், எட்டு போன்கள். எட்டுப் பேரும் அதே கோர்ஸை முடித்தவர்கள். பேசுவதெல்லாம் பதிவாகிறது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் இந்தச் சம்பளமும் போய்விடும்.

பக்கத்து மேஜைக்காரர் என்னைப் பார்த்தார். “என்ன வேலைன்னு கேட்டுச்சா அந்தப் பொண்ணு?”

“கேக்கல.”

“போன வருஷம் நீயும்தான் என்கிட்ட கேக்கல” என்றவர், தன் மேஜையில் அடித்த போனை எடுத்தார்.

“வேலையா? அடுத்த மாசமே கெடச்சுதுங்க.”