தேய்ந்த இடம்

மெரிலேண்ட்ஸில் கம்பளம் கழுவும் கடையொன்றில் சுஜீதன் ஆறு வருடமாக வேலை செய்கிறான். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போயிருந்தது. அந்தக் களைப்பில்தான் பிழை நடந்தது. மஃறூப் நானா கழுவ மட்டும் கொடுத்த நூறு வருடப் பழைய தொழுகைக் கம்பளம் அது. பூக்களுக்கு நடுவே தேய்ந்திருந்த இரண்டு குழிகளைப் பழுது என்று நினைத்து, மூன்று நாள் உட்கார்ந்து, புதுக் கம்பளி நூலால் முடிச்சுப் போட்டு நிரப்பிவிட்டான்.

குழிகளை நிரப்பியதை நானாவுக்குப் போனில் சொன்னான்.

"அது பழுதில்ல தம்பி. மௌத்தாப் போன என்ட மனிசிட முழங்கால். அது மட்டும்தான் மிச்சமிருந்திச்சு."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா. முடிச்செல்லாம் அவிட்டு விடுறன்."

"அவிட்டா அவட தேய்வு வருமா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு நானா வந்தார். சுஜீதன் தலை நிமிராமல் கம்பளத்தை விரித்தான். அவன் எதையும் அவிழ்த்திருக்கவில்லை; ஆனால் போட்ட முடிச்சுகளில் ஒன்றுகூட இல்லை. இரண்டு குழிகளும் அதே இடத்தில் இருந்தன. தொட்டான். உடம்புச் சூடு. அவசரமாகச் சுருட்டப் போனான்.

நானா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்க தம்பி. அவ இன்னும் எழும்பல்ல."