வெர்னா எடுத்த துப்பாக்கி

அலாஸ்காவில் ஆற்றங்கரைக் குடிசையின் மேசைமேல் இரண்டு துப்பாக்கிகள் கிடக்கின்றன. காலை வெயில் குழல்களில் வழுக்குகிறது. வெர்னாவின் தம்பி டெல்பர்ட் சுட்ட கரடி சாகாமல் எதிர்ப் புதருக்குள் முனகுகிறது. பிள்ளைகள் பழம் பறிக்கப் போகும் வழி அது, கரடியை முடித்தே ஆகவேண்டும். "என்னோட புதுசை எடுத்துக்கக்கா. யானையே சாயும்." "அதாலதானடா சுட்டே? கரடியே சாயலையே!" வெர்னா தன் பழைய தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் துப்பாக்கியை எடுக்கிறாள். சின்ன மானுக்கும் குதிரை உயர மூஸ் மானுக்கும் இருபது வருஷமாக அவளுக்கு அது ஒன்றுதான். அதன் தேய்ந்த பின்கட்டையில் கன்னம் தானாகப் பொருந்துகிறது. தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளும்போது ஒன்று நழுவி மேசையில் உருள்கிறது. "பயமாக்கா?" "பயந்தான். அதனாலதான் பழகினதை எடுத்தேன். பேசாம பின்னால வா." கதவைத் திறக்கிறாள். புதருக்குள் முனகல் சட்டென்று நின்றுவிடுகிறது.