மூணு டிகிரி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் இப்போதே கொட்டட்டும்.

ரெண்டாயிரத்து மூணில் புதுவாயலில் ரேஸ் கார் டியூன் பண்ண ரெண்டே பேர்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஹனீப் பாய், அந்தப் பக்கம் ஆதிநாராயணன். ரெண்டு பேருக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தச் சனிக்கிழமை பாய் பட்டறையில் ஒரே கூச்சல்.

"இன்னும் மூணு டிகிரி டைமிங் ஏத்துங்கோ பாய்! பொறி இன்னும் சீக்கிரமா விழட்டும்!"

கத்தியவன் ரகுநந்தன். திருவள்ளூர்ப் பையன், கோயில் கைங்கரியக் குடும்பம்.

"ஏத்த மாட்டேன்."

"பெட்ரோலையாவது குறைங்கோ. காத்து கூடினாத்தானே வண்டி பறக்கும்?"

"பறக்கும் தம்பி. மூணு ரவுண்டு பறக்கும். நாலாவது ரவுண்டுல பிஸ்டன் ஓட்டையாயி குந்திக்கும். இந்த வெயில்ல பொறி முன்னாடியே விழுந்தா இன்ஜின் உள்ளுக்குள்ளயே வெந்துடும்."

"நாளைக்கு முதல் மூணு பேருக்குள்ள வந்தாத்தான் டீம்ல எடுத்துப்பா. இல்லேன்னா திங்கக்கிழமை அப்பாவோட மடப்பள்ளிக்குப் போகணும்!"

"அதுக்குத்தான் சொல்றேன். நான் வெச்சதுல எவனும் கைய வெக்கக் கூடாது."

"உங்களுக்குப் பயம். வயசாயிடுத்து பாய்."

பையன் விருட்டென்று ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தான். அந்த உறுமலில் டீக்கடை பெஞ்சில் இருந்த என் கிளாஸ் தானாக நகர்ந்து பக்கத்து ஆள் கைக்குப் போய்விட்டது. அவர் குடித்தும் விட்டார்.

வண்டி நேராக எதிர்ப் பட்டறைக்குப் போயிற்று. நானும் போனேன்.

"மாட்டு வண்டிக்கு வெக்கிற டைமிங்கு நைனா இது!" என்று ரோடெல்லாம் கேட்கும்படி பாயைத் திட்டினார் ஆதிநாராயணன். "நீ போயி நாஷ்டா துன்னுட்டு வா. நான் ஏத்தி வெக்கிறேன்."

அரைமணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டபடி நின்றார்.

ரகுநந்தன் திரும்பி வந்து மிதித்துப் பார்த்தான். "இதான் டியூனிங்! அஞ்சு குதிரை சக்தி கூடியிருக்கு!"

மறுநாள் ரேஸ். பதினைந்து ரவுண்டு. வெயிலில் ஏழு வண்டிகள் பாதியிலேயே புகை கக்கி ஓரங்கட்டின. ரகுநந்தன் ரெண்டாவதாக வந்தான். டீம்காரர்கள் அங்கேயே கைகுலுக்கிச் சேர்த்துக்கொண்டார்கள்.

கழுத்து மாலையோடு வண்டியை பாய் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பார்த்தேளா பாய்? மூணு டிகிரி ஏத்தினார். ஒண்ணும் ஆகலை. உங்க பேச்சைக் கேட்டிருந்தா நாளைக்குக் காலம்பற புளியோதரை கிளறிண்டிருப்பேன்!"

பாய் பானெட்டைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

டைமிங் வைத்து முடித்ததும், யாராவது திருகினால் தெரியட்டும் என்று ஸ்க்ரூ மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுவது பாய் வழக்கம். அந்தக் கோடு நூலளவுகூட விலகவில்லை. பெட்ரோல் ஸ்க்ரூவிலும் அப்படியே.

அரைமணி நேரமும் அந்த மனுஷன் சும்மாதான் நின்றிருக்கிறார்!

பாய் பானெட்டைச் சாத்தினார். "ஆமா தம்பி. ஆதி கை ஆதி கைதான்."

பையன் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பாய், அவரு எதையும் தொடவே இல்லியே! சொல்லிருக்கலாமில்ல?"

"சொன்னா அடுத்த ரேஸுக்கு மூணாவதா ஒருத்தன் கையில போயி குடுப்பான். அவன் நெஜமாவே ஏத்திடுவான்."

இது அந்தப் பையன் காதுக்குப் போகவே கூடாது. தப்பித்தவறிப் போனாலும், நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ரெண்டு பட்டறையிலிருந்தும் எனக்கு டீ வந்துகொண்டிருக்கிறது.